ஆறாவது கோளம்

ஆறாவது கண்ணாடிக் கோளம் காலியாகத் தொங்குவதைக் கண்டதும் யோகலட்சுமி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். விடிந்தது முதல் பறந்து பறந்து கூடத்துச் சன்னலைத் துடைத்தவள் அவள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் வார்களைப் பின்னி, ஆறு கோளங்களையும் அந்தச் சன்னலோரம் ஆறு உயரங்களில் தொங்கவிட்டவளும் அவளே. ஒவ்வொன்றுள்ளும் கூழாங்கல், மணல், அதன்மேல் ஒரு சதைப்பற்றுச் செடி. அதே கம்பெனியின் தையல் பிரிவுச் சூப்பர்வைசர் ஹஃப்ஸா, தன் புதுவீட்டு ஹாலை அலங்கரிக்க இவளிடம் ஒப்படைக்கலாமா என்று பார்க்க இன்று வருகிறாள். கிடைத்தால் இதுதான் முதல் வேலை. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அச்சத்தால் அன்று, ஆனந்தத்தால்.

"அத்தை, இதுல இருந்த செடி எங்க?"

"வாசல்ல கட்டிட்டேன்," என்றாள் மாமியார் கமலவேணி. "வர்றவ கண்ணு சும்மா இருக்குமா? கத்தாழை கெடைக்கல. இதுவும் தொங்குற செடிதானே?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். தாமரைபோல் இதழ் விரித்திருந்த, இருப்பவற்றிலேயே அழகான செடி, வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகத் தொங்கியது. கண்ணேறு கழிக்கக் கற்றாழை கட்டும் முறை வழுவாமல் மஞ்சளும் குங்குமமும் வேறு! எட்டு மாதம் சொட்டுச் சொட்டாக நீர்விட்டு வளர்த்ததை ஒரே இழுப்பில் பிடுங்க எத்துணைத் துணிச்சல் வேண்டும்! அவிழ்க்கக் கையை உயர்த்துவதற்குள் ஸ்கூட்டி வந்து நின்றுவிட்டது.

ஹஃப்ஸா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்தாள். "இன்னா யோகா இது, தலைகீழா?"

உள்ளிருந்து பதில் வந்தது. "உன் கண்ணு படாம இருக்கத்தான்மா. உள்ள வா."

யோகலட்சுமி கண்களை இறுக மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று.

சிரிப்பொலி கேட்டுத் திறந்தபோது ஹஃப்ஸா கூடத்தின் நடுவே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பசுமைகளின் ஊடே இறங்கிய வெயில் சுவரெல்லாம் அசைந்தது.

"லேட்டும்மா. என் கண்ணு ஜாஸ்தியாவே பட்டுடுச்சு," என்றாள் கமலவேணியிடம். "யோகா, எங்க ஹாலுக்குப் பன்னெண்டு வேணும். அடுத்த ஞாயித்துக்கெழம வந்துடு."

பன்னிரண்டு! யோகலட்சுமியின் கால்கள் தரையில் பாவவில்லை. ஹாலின் நீள அகலத்தைக் குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகம் தேடி உள்ளறைக்கு ஓடினாள். பேனா அகப்படாமல் அலமாரியையே கவிழ்த்தாள்.

"பன்னெண்டுன்னா திருஷ்டிக்கு ஒண்ணு பத்தாதும்மா," என்ற மாமியாரின் குரல் கூடத்திலிருந்து கேட்டது.

பேனாவும் கையுமாகத் திரும்பினாள். கமலவேணி ஸ்டூலின்மேல் நின்றிருந்தாள்; அவளுடைய மஞ்சள் விரல்கள் ஐந்தாவது கோளத்துள் இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்டூல் ஆடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள் ஹஃப்ஸா.