மூன்றாவது முறை கேட்டபோது

முஸ்லிம் திருமணச் சட்டத்தைத் திருத்த அரசாங்கம் போட்ட குழு பதினான்கு மாதம் கூடிக் கூடிக் கலைந்து, கடைசியில் ஒரே ஒரு வரியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நிக்காஹ் பதிவுத் தாளில் மணப்பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டுமா, வேண்டாமா? இதுவரை மாப்பிள்ளை போடுவார், பெண்ணின் தகப்பனார் போடுவார், இரண்டு சாட்சிகள் போடுவார்கள். யாருக்குக் கல்யாணமோ அவளுக்கு மட்டும் அந்தத் தாளில் வேலை கிடையாது.

குழு பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்பவள் மேசையின் ஓரத்தில் இருந்தாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கூட்டங்களில் அவள் வாய் திறந்ததே இல்லை. மின்விசிறியிடம் யாராவது அபிப்பிராயம் கேட்பார்களா?

அவளுக்கு ஒரு தொந்தரவு உண்டு. யாராவது கேள்வி கேட்டு, பதில் வராமல் அறை அமைதியாகிவிட்டால், அவள் காதில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் 'ம்' என்று சொல்லும். பென்சிலும் தானாக அதை எழுதிவிடும். பிறகு ரப்பர் வைத்து அழிப்பாள். அது யாருடைய குரல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடையதுதான், ஒன்பது வயதுக் குரல்.

"விரும்பினால் கையெழுத்திடலாம்னு போட்ருவோம். ரெண்டு பக்கமும் சத்தம் வராது. மேலிடத்துக் கொள்கையும் அதான்" என்றார் அமைச்சகச் செயலாளர்.

"யாரு விரும்பினா சார்? அவளா, அவங்கப்பாவா?" என்று வக்கீலம்மா சீறினார்.

குழுவிலிருந்த மார்க்க அறிஞர் ஆலிம்சா தாடியைத் தடவிக்கொண்டார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசியறியாதவர். "பொண்ணு சம்மதிக்காம நிக்காஹே கிடையாதும்மா. மார்க்கம் என்னைக்கோ கொடுத்த உரிமை அது. தகப்பனாரும் சாட்சிகளும் அவ கிட்ட நேர்ல போய்க் கேக்குறாங்க, காதால கேட்டுட்டுத்தான் வர்றாங்க. அதுக்கு மேல ஒரு கையெழுத்து எதுக்கு?"

தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ 'விரும்பினால்'. யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

வக்கீலம்மாகூடக் களைத்துப்போயிருந்தார். அறை அமைதியானது. 'ம்' கேட்டது.

"இருக்கு சார்."

எல்லோரும் வக்கீலம்மாவைப் பார்த்தார்கள். அவர் சுருக்கெழுத்துக்காரியைப் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள். "எங்க ராத்தா நிக்காஹ் அன்னைக்கு அவளுக்குப் பதினாறு வயசு, தங்கச்சி எனக்கு ஒன்பது. உள்ரூம்ல உக்காந்திருந்தா, பக்கத்துல நான். வாப்பாவும் சாட்சிகளும் திரைக்கு வெளியவே நின்னு சம்மதமான்னு கேட்டாங்க. முதல் தடவை அவ பேசல. ரெண்டாவது தடவையும் பேசல. மூணாவது தடவை தலையை இப்படி ஆட்டினா, வேணாம்னு. எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது. வெக்கப்படுறான்னு நினைச்சு நான் 'ம், சம்மதம்'னு சொல்லிட்டேன். வெளிய அல்ஹம்துலில்லாஹ்னாங்க."

ஆலிம்சாவின் கை தாடியிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு தடவை பிரிஞ்சு வரணும்னு காழியார் கோர்ட்டுல போய் நின்னா. சம்மதிச்சதை மூணு பேர் கேட்டிருக்காங்க, பொறுத்துப் போம்மான்னு அனுப்பிட்டாங்க. ஒரு தடவைகூட அவ என்னைக் காட்டிக் கொடுக்கல. பதினோரு வருஷம் அந்த வீட்ல இருந்துட்டு மவுத்தாயிட்டா, இருபத்தேழு வயசுல அடக்கம் பண்ணினோம்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஊழியர் பேசறதெல்லாம் குறிப்புல வராது."

"எழுதுங்கம்மா" என்றார் ஆலிம்சா. "நானும் திரைக்கு வெளிய நின்னு எத்தனையோ நிக்காஹ் முடிச்சு வச்சிருக்கேன். யார் குரலைக் கேட்டேனோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கட்டாயம்னே போடுங்க. எங்க ஆளுங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவள் உட்கார்ந்து தன் வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொண்டாள்.

அந்தி சாயும் முன்பே வீடு திரும்பினாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியிருந்தது. உம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருந்த வேகத்தில் மகள் உம்மாவிடமும் சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு சம்மதம்னு சொன்னது ராத்தா இல்ல உம்மா. நான்."

உம்மா கையிலிருந்த தலையணை உறையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தாள். "தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அப்பவே. திரைக்கு வெளிய உங்க வாப்பா பக்கத்துலதானே நின்னேன். பெத்தவளுக்கு ரெண்டு பிள்ளைங்க குரலும் தெரியாதா? அவருக்கும் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"ஏன் உம்மா?"

"எல்லாரும் வந்தாச்சு. ஏதோ ஒரு பதிலும் வந்துடுச்சு. அது போதும்னு இருந்துச்சு."

முப்பத்து மூன்று வருடம் அவள் ஒருத்தி மட்டுமே சுமந்ததை இந்த வீடு முழுக்க அறிந்திருக்கிறது. அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரும் அறியாமல் நடந்துபோன பிழை என்று தனக்குத் தானே சொல்லி வந்த சமாதானத்தையும் பறிகொடுத்துவிட்டாள். குழந்தைக்குத்தான் தெரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"என்னை மன்னிப்பியா?" என்று உம்மா கேட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள்.

மகள் வாயைத் திறக்கவில்லை. உம்மா அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.