பன்னிரண்டு தசம் ஒன்று

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் ட்ரெய்லரின் முன்பெட்டியைத் திறந்து, பற்றரியில் வோல்ட் மீற்றரின் இரண்டு ஊசிகளையும் வைத்தேன். 12.1. பிழையாக வைத்திருப்பேன் என்று மறுபடி வைத்தேன். மூன்றாம் முறையும் அதேதான். பத்து நாட்களுக்கு முன், முழுதாய் ஏற்றிச் சார்ஜரைக் கழற்றியபோது 12.7. பின்னேர பிரெஞ்சு வகுப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதியிருக்கிறேன்.

கட்டிலும் ஹீற்றரும் உள்ள இந்தப் பயண ட்ரெய்லரை யதுர்ஷன் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் அவருடைய அக்கா சிவநேசம் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம்; ட்ரெய்லர் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கோடைப் பயணமொன்றில் லைட் மங்கி ஹீற்றரும் நின்றுபோன பிறகு, பற்றரியைப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்தேன். சார்ஜ் ஏற்றியதும் மெயின் சுவிட்சை நிறுத்துவேன். அப்படியும் குறைந்தது. இந்த முறை கறுப்பு வயரையே கழற்றி வைத்தேன். இன்று அது பற்றரியில் திரும்பப் பூட்டியிருந்தது.

யாரோ பூட்டியிருக்கிறார்கள். அல்லது நான் கழற்றவே இல்லையா? கொப்பியைப் பார்த்தேன். "க. வயர் கழற்றியது", என்னுடைய எழுத்துத்தான்.

இவரிடம் கேட்டால், "பழம் பற்றரி, அப்பிடித்தான். அதை ஏன் நோண்டுறீர்?" என்பார். எங்கள் தெருவில் ட்ரெய்லர் வைத்திருக்கிற எல்லோரும் பனிக்கு முன் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறார்கள். இவர் மட்டும் விடமாட்டார். ரயருக்குக் காற்றுப் பார்க்கவென்று ட்ரெய்லருக்குப் போய் இருபது நிமிடம் கழித்து வருவார். கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு போனில் கதைக்கிறார் என்று நினைப்பேன். நினைத்ததற்கு வெட்கப்படுவேன். பிறகும் நிமிடத்தை எண்ணுவேன். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். ஒரு பொய் அகப்பட்டால், சொன்னது எல்லாவற்றையும் திரும்ப யோசிக்கவேண்டி வரும்.

"என்ன சாம்பவி, நாடி பிடிச்சு முடிஞ்சுதோ? நோயாளி தப்புவாரோ?" மச்சாள் சிவநேசம் குசினி யன்னலால் கேட்டுச் சிரித்தார்.

"ஆரோ ரத்தம் உறிஞ்சினம், மச்சாள்."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பற்றரியின் சிவப்பு முனையில், தடித்த வயருக்குக் கீழே மெல்லிய வயரொன்று ஒளிந்திருந்தது. சுவிட்சுக்குப் போகாமல் தரைக்கு அடியால் நேரே உள்ளே போனது. நானும் உள்ளே போனேன். கட்டிலுக்கு மேலிருந்த அலுமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் அது முடிந்தது. அங்கே சின்னச் சிவப்புக் குமிழொன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் பிரேம் போட்ட படம். என் வயதுப் பெண். சிரிக்கும்போது ஒரு கண் சற்றுச் சுருங்கியிருந்தது. கீழே, ஜென்சி. தோற்றம் 1995. மறைவு 2020.

திரும்பினேன். மச்சாள் படியடியில் நின்றார்.

"அந்தக் கறுப்பு வயரைத் திரும்பப் பூட்டினது நான்தான்," என்றார். "அவனிலை கோபிக்காதையும்."

"ஆர் இது?"

"மொன்ட்ரியால்-நோர்ப் பெட்டை. அவன் கட்ட விரும்பினவன். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற சனம், எங்களுக்குச் சரிவராதெண்டு நிண்டது நான். அடுத்த வருஷமே வருத்தம் வந்து ஆஸ்பத்திரியிலை போயிட்டாள். வீட்டுக்குள்ளை படம் வைக்கவும் நான் விடேல்லை. பேந்துதான் இந்த ட்ரெய்லரை வாங்கினவன்." சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தார். "நீர் வருமட்டும் நான்தான் சார்ஜ் போட்டனான்."

"பிறகு நான்."

"ஓம். இனிப் போடுறதும் விடுறதும் உம்மடை விருப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று பிரிக்கத் தெரியவில்லை. கோடை முழுவதும் இந்தக் குமிழ் அணையாமல் பார்த்துக்கொண்டது நான். ஒவ்வொரு இலக்கத்தையும் எழுதி, அடியில் கோடும் இழுத்திருக்கிறேன்.

கார் வந்து நின்றது. யதுர்ஷன் இறங்கி, திறந்திருந்த கதவையும் அக்காவையும் உள்ளே நின்ற என்னையும் பார்த்தார். மச்சாள் விலகி வழிவிட்டார். அவர் படிக்குக் கிட்ட வந்து, ஈரமான மேப்பிள் இலைகளின் மேல் குனிந்து வேலைச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். கோயில் வாசலில்போல ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு மற்றதை. காலுறை நனைய நின்றார்.

நான் சப்பாத்துக் காலோடு உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.