ஒன்பதுக்கு அடுத்த வீடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தடித்த துணியைக் கிழித்தாற்போல் படாரென்று ஒரு சத்தம் கேட்டது. ஒன்பதாம் எண் வீட்டுக்கும் பதினாலாம் எண் வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள் அகலத்துக்குக் காலிமனை முளைத்துவிட்டது. அதுவரை அந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே சுவர். அது நடுவாகப் பிளந்து, ஆளுக்குப் பாதியாக ஒதுங்கிக்கொண்டது. ஒரு செங்கல்கூட உதிரவில்லை. அதே நேரத்தில் மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஐந்து வீட்டு அகலம், பதினாலுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே பதினாறு வீட்டு அகலம் என்று தெரு நீண்டது. பால் வாங்க வந்திருந்த முப்பத்தொன்றாம் வீட்டுக்காரர் திரும்பிப் போக சைக்கிள் இரவல் கேட்டார்.

காரணம் என்னவென்று பதினாலாம் வீட்டு மாப்பிள்ளைக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவன் வீட்டோடு மாப்பிள்ளை. தெருவே அவனை அப்படித்தான் கூப்பிடும். நகராட்சியில் புரோகிராம் எழுதுவது வேலை. ஆபத்துக்கு உதவ வீட்டுக்கு வீடு ஒரு மணி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பட்டனை அழுத்தினால் முந்தைய வீட்டிலும் அடுத்த வீட்டிலும் மணி அடிக்க வேண்டும். அடுத்த வீடு எது என்று கண்டுபிடிக்க, வீட்டு எண்ணோடு ஒன்றைக் கூட்டச் சொல்லி எழுதினான். முந்தைய வீட்டுக்கு ஒன்றைக் கழிக்கச் சொன்னான். ஒன்றிலிருந்து பத்து வரை கற்பனை வீடுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தான். அழகாக வேலை செய்தது. பாராட்டையும் வாங்கிக்கொண்டான். ஆனால் அந்தத் தெருவில் பல வீடுகள் இடிந்தும் ஒன்றோடொன்று சேர்ந்தும் போயிருந்தன. மிச்சமிருந்த வீடுகள் பழைய எண்களோடேயே நின்றன. தினமும் அந்த எண் பலகைகளைத் தாண்டித்தான் அவன் வேலைக்குப் போனான்.

அன்று காலை அதிகாரி புரோகிராமைத் தொடங்கிவைத்தார். கம்ப்யூட்டர் ஒன்பதுக்கு அடுத்ததாகப் பத்தைக் கேட்டது. அரசாங்கம் கேட்டு இல்லையென்று சொல்ல தெருவுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டுக் கொடுத்துவிட்டது.

ஒன்பதாம் வீட்டில் நகராட்சியின் குழாய் மேஸ்திரியும், தையல் தைக்கும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். முந்தின நாள்தான் மேஸ்திரி தெருவில் குழாய்க்குக் குழி வெட்டியிருந்தார். பார்வையிட வந்த அதிகாரிகள் குழியைப் பார்த்தார்கள், காலிமனையைப் பார்த்தார்கள், மண் இளகிவிட்டது என்று எழுதி மேஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. முழங்கால் ஆழம் தோண்டினா நாலு மனை நிலம் விளையுமா? அப்படி விளையும்னா நான் ஏன் வாடகை வீட்ல கிடக்கேன்?" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். "உங்க பக்கம் ஏதாவது கோளாறு உண்டா?" என்று அதிகாரி கேட்டபோது, மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போதே, "இல்ல சார், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்றான்.

அவனுடைய மாமனாருக்குக் கால்கள் விளங்காது. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, படுக்கையோரச் சுவரைத் தட்டுவார். லேசாகத் தட்டினால் தண்ணீர் வேண்டும், விடாமல் தட்டினால் பேச்சுக்கு ஆள் வேண்டும். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வருவாள். இப்போது தட்டுகிற சத்தமெல்லாம் காலிமனையில் விழுந்து அங்கேயே கிடந்தது. மணியை அழுத்தினாலும் இல்லாத பதிமூன்றையும் பதினைந்தையும்தான் அது கூப்பிட்டது. ஒரு மத்தியானம் தட்டித் தட்டி ஓய்ந்தவர், தானே சொம்பை எட்டப் போய்க் கீழே விழுந்தார். மகள் சாயங்காலம் வரும்வரை தரையிலேயே கிடந்தார்.

"யாரையும் குறை சொல்றதுக்கில்ல. சுவர் நல்ல சுவர்தான், அந்தப் பக்கம் ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்றார், இடுப்பில் கட்டோடு. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாப்பிள்ளை மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.

மறுநாள் அலுவலகத்தில் புரோகிராமைத் திருத்தினான். எண்ணோடு எதையும் கூட்டாதே. இருக்கிற வீடுகளை மட்டும் வரிசையாக நிறுத்து. அந்த வரிசையில் ஒன்பது எந்த இடத்தில் நிற்கிறதென்று பார். அதற்கு அடுத்த இடத்தில் நிற்பதுதான் அடுத்த வீடு. அவ்வளவுதான் வேலை. ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. திருத்தத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதினான்.

விட்டுக் கொடுத்த இடத்தைத் தெரு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மாமனார் இந்தப் பக்கம் சுவரைத் தட்டினால், நான்கு மனைக்கு அப்பால் ஒன்பதாம் வீட்டுச் சுவரில் அது பழையபடி கேட்டது. அங்கே தையல் மெஷின் ஓடினால் இங்கே தண்ணீர்ச் சொம்பு அதிர்ந்தது. வரிசையின் கடைசியான முப்பத்தொன்றுக்கு மட்டும் அடுத்த வீடு இல்லையென்று வந்தது. அது நிஜம்தான் என்பதால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டார். காலிமனையில் துணி காயப்போட்டார்கள். பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அதற்கு வரி போடலாமா என்று நகராட்சி இரண்டு வருடம் யோசித்துக் கைவிட்டது.

மேஸ்திரியின் வேலைநீக்கம் மட்டும் அப்படியே நின்றது. சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளை காலிமனையைத் தாண்டிப் போவான். ஒன்பதாம் வீட்டு வாசல் வரை போய்விடுவான். "என்ன மாப்பிள்ளை, இந்தப் பக்கம்?" என்று மேஸ்திரி கேட்டால், "சும்மாதான் மச்சான்" என்று திரும்பிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைத்த துணி வாங்கி வருகிறேன் என்று அவன் மனைவி ஒன்பதாம் வீட்டுக்குப் போனாள். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெஷின் சத்தம் நின்றது. முதுகுக்குப் பின்னால், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணே, அது இவர் பண்ணின தப்புதான். அன்னைக்கே இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அடுத்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

"எனக்கும் தெரியும் தங்கச்சி. மாப்பிள்ளை தானா வந்து சொல்லுவாருன்னுதான், வேற வேலை வந்தும் போகாம உக்காந்திருக்கேன்."