ஆள் இருக்கிற கப்பல்

“சாய்க்காத தம்பி! ஐயோ, சாய்க்காத!” என்று பூர்ணிமா கத்தியபோது கப்பலில் பாதி வாசலுக்கு வெளியே வந்திருந்தது, மீதிப் பாதி இன்னும் கூடத்துக்குள் இருந்தது.

முன்பக்கத்தைப் பிடித்திருந்த நல்லமுத்து திரும்பிப் பார்த்தான். அவளுடைய கணவனுக்குப் பெரியப்பா மகன்; பெண்ணாடத்திலிருந்து நேற்றுச் சாயங்காலம் வந்தவன்.

“சாய்க்காம எப்பிடி அண்ணி வெளியில எடுக்கிறது? நெலையில இடிக்குது பாருங்க.”

“இடிச்சா இடிக்கட்டும். சொவரு பேந்தா பேந்துட்டுப் போவுது. கப்பலு மட்டும் சாயக் கூடாது.”

ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் மாமனார் கிடக்கிறார், இவள் பலகைக்குப் பதறுகிறாளே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பூர்ணிமாவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும் பின்பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, கப்பலைப் பந்தலுக்குக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஆறடிக்கு ஓரங்குலம் குறைவான கப்பல் அது. அவள் கணவன் தமிழ்மணி வேலை பார்க்கிற நிஜக் கப்பலில் நூறில் ஒரு பங்கு. மாமனார் விருத்தகிரி, ஒரு செராமிக் கம்பெனியில் அச்சு வார்க்கிற வேலையிலிருந்து நின்ற அன்றைக்கு இதை ஆரம்பித்தார். மகன் போனில் அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு, பிளைவுட்டில் விலா விலாவாக அறுத்து நிறுத்தி, மேலே மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டினார். பட்டை வளையவேண்டும் என்று அதை இட்லிச் சட்டி ஆவியில் காட்டுவார். “மரத்த வேவ வச்சி மனுசன் திங்கப் போறாரு” என்று மாமியார் சொர்ணாம்பாள் அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். கைப்பிடிக் கம்பிகளுக்குக் குண்டூசி, ஜன்னல் கண்ணாடிக்கு அவருடைய சொந்த நெஞ்சு எக்ஸ்ரே, சரக்குத் தூக்கிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். கடையில் வாங்கி மாட்டிய உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது.

மேல்தளத்தை ஒட்டி மூடுவதற்கு முன்னால் ஒருநாள் பூர்ணிமாவை மட்டும் கூப்பிட்டார்.

“இங்க வாம்மா. யாருன்னு பாரு.”

உள்ளே, இஞ்சின் இருக்கிற இடத்தில், வெள்ளைக் களிமண்ணில் செய்து சூளையில் சுட்ட ஓர் ஆள் நின்றிருந்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம், ஆரஞ்சு உடுப்பு. ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த ஒன்றிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“மேல நிக்க வச்சா எல்லாரும் பாப்பாங்கல்ல மாமா?”

“இஞ்சின் ரூம்ல வேலை செய்யறவன் மேல நின்னு வேடிக்க பாத்தா சம்பளம் குடுப்பானா?” என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அத்தகிட்ட சொல்லிடாத. புள்ளைய உள்ள வச்சி மூடிட்டன்னு ஒரே அழுவ அழுவா.”

மூடிவிட்டார். இனி கப்பலை உடைக்காமல் அவனை வெளியே எடுக்க முடியாது.

நேற்று மத்தியானம் மோர் கொண்டுபோனபோது, அவர் கன்னத்தைக் கப்பலின் மேல் வைத்துச் சாய்ந்திருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு நேராக ஓடுகிறதா என்று அப்படிப் பார்ப்பது அவர் வழக்கம்தான். பூர்ணிமா டம்ளரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகுதான் அவர் நெற்றிக்குக் கீழே முன்கொடிமரம் ஒடிந்து கிடந்ததைப் பார்த்தாள். வீடே அதிர அலறினாள். அலறல் கேட்டு ஓடிவந்தவர்கள் எல்லாரும் மாமனாருக்காக அலறினாள் என்றே நினைத்தார்கள். ஒடிந்ததைப் பார்த்து அலறினேன் என்று அவள் யாரிடம் சொல்வாள்?

தமிழ்மணிக்குச் செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. அது இரண்டாகவேயில்லை. கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீஸுக்குப் போன் போட்டபோது ஒரு பையன் மரியாதையாகப் பேசினான். “சண்டை நடக்குற அந்தக் கடலைத் தாண்டுறப்போ போன், சிக்னல் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுவாங்க மேடம். ரெண்டு மூணு நாள் ஆகும். பயப்பட ஒண்ணுமில்ல.” அவன் அதைச் சொல்கிற வரைக்கும் அவளுக்குப் பாதி பயம்தான் இருந்தது. போன வாரம் டிவியில் ஒரு கப்பல் எரிந்ததைக் காட்டினார்கள். அது வேறு கப்பல். ஆனால் கடல் அதே கடல்.

“நாளு தெரியாத ஆளுக்காகப் பொணத்தப் போட்டு வச்சிருக்க முடியாது” என்று விருத்தகிரியின் அண்ணன் அர்ச்சுனன் சொல்லிவிட்டார். கொள்ளி வைக்க நல்லமுத்து என்று முடிவானது. அதோடு விட்டிருக்கலாம். பந்தலில் வைத்த கப்பலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார்.

“இதையும் அவங்கூடவே ஏத்திடணும்.”

பூர்ணிமா அவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“எங்க அப்பாரு போனப்ப வெத்தலப் பொட்டி, கைத்தடி எல்லாந்தான கூட வச்சம்? அஞ்சாறு வருசமா உசுர இதுலதான் வச்சிருந்தான். ஆசப்பட்ட சாமான வூட்ல வச்சிக்கிட்டா அவன் வூட்டையேதான் சுத்துவான். நேத்து பொழுது சாயறப்ப உப்புத்தாளு தேய்க்கற சத்தம் கேட்டுதே எனக்கு. சர்ரு சர்ருன்னு.”

“அது ஐஸ் பெட்டி சத்தம்ப்பா” என்றான் நல்லமுத்து.

“ஐஸ் பெட்டி சத்தம் எனக்குத் தெரியாதாடா? கரும்பு வெட்டற கத்திச் சத்தத்த வச்சே யாரு கத்தின்னு சொல்றவன் நானு.”

எதிர்வீட்டுத் திரௌபதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “பெரியவரு சொல்றதும் வாஸ்தவந்தான். ஏத்திடுங்க. நம்பளுக்கு எதுக்கு வம்பு?”

“பெரிய மாமா,” என்றாள் பூர்ணிமா. “அவரு வந்து பாக்கட்டுமே.”

“வர்றவன் போட்டோவுல பாத்துக்குவான்மா. போறவன்தான் முக்கியம்.”

அவள் அத்தையைப் பார்த்தாள். சொர்ணாம்பாளை மணையில் உட்காரவைத்து மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். இனி வைக்க முடியாத பூ. அவள் யாரையும் பார்க்கவில்லை. “எதையோ செய்யுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மேளம் ஆரம்பித்தது. குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். எல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது, ஆனால் எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. அவள் பார்வை பந்தலின் ஓரத்திலேயே இருந்தது. யாரோ ஒருவன், நல்ல மனசோடுதான், பாடைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சாமந்தி மாலையைத் தூக்கிக் கப்பலுக்குப் போட்டான். முன்மூக்கிலிருந்து அது இரண்டு பக்கமும் தொங்கியது. உள்ளே ஆரஞ்சு உடுப்போடு ஒருத்தன் ஒரு தோள் சாய்ந்து நிற்கிறான். வெளியே அவனுக்கு மாலை. பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினாள். “காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல, பாவம்” என்று யாரோ அவள் முதுகைத் தடவினார்கள்.

முன்னால் பாடை போனது. பின்னால் நான்கு பேர் தோளில் கப்பல் போனது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டின் மேலும் பொரியும் பூவும் விழுந்தன. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு சாவு போவதைப் போலத்தான் இருந்திருக்கும். ஒரு கிழவர் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கும்பிட்டார்.

தெருக்கோடியில் தண்ணீர் டேங்க். பெண்கள் அதுவரைக்கும்தான் போகலாம். அதற்கப்புறம் ஆண்கள் மட்டும் மணிமுத்தாற்றங்கரைக்குப் போவார்கள். பெண்கள் நின்றார்கள். ஒப்பாரி ஒருமுறை உச்சத்துக்குப் போய் அடங்கியது.

பூர்ணிமா நிற்கவில்லை.

“ஏய், பூர்ணி! எங்கடி போற?” என்று திரௌபதி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினாள். ஓடிப்போய்க் கப்பலின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தூக்கிப் போனவர்கள் தடுமாறி நின்றார்கள். மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிறுத்தினார்கள்.

அர்ச்சுனன் திரும்பி வந்தார். “ன்னாம்மா இது? ஊரே பாக்குது.”

“இத எடுத்துக்கிட்டுப் போவாதீங்க.”

“அதான் பேசி முடிச்சாச்சே.”

“இதுல ஆள் இருக்குது பெரிய மாமா.”

“ஆளா? என்னா ஆளு?”

அவள் வாய் திறந்தது. பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே பாடை. பக்கத்தில் கொள்ளிச் சட்டி புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்கு முன்னால் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? சொன்னால் அது அங்கேயே, அந்தச் சட்டியிலேயே விழுந்துவிடும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கை மட்டும் கப்பலை விடவில்லை.

“சொல்லும்மா. யாரு இருக்கறா?”

“எறக்குங்க” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

சொர்ணாம்பாள் நின்றிருந்தாள். தலை நிறையப் பூவும் முகம் நிறைய மஞ்சளுமாக, அவள் வரக் கூடாத இடத்துக்கு வந்திருந்தாள்.

“சொர்ணம், அவன் ஆசையா…”

“எறக்குங்க மாமா. ஆள் இருக்குதுன்னு சொல்றால்ல?”

யார் என்று அவள் கேட்கவில்லை. பூர்ணிமாவின் பக்கம் திரும்பவுமில்லை.

அர்ச்சுனன் கப்பலைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார். மறுபடி கப்பலைப் பார்த்தபோது அவர் முகம் மாறிப்போனது. சுட்டுவிட்டதைப் போல, அவசர அவசரமாக அந்த மாலையைத் தானே உருவித் தூர எறிந்தார்.

“டேய், திருப்புங்கடா. மூக்கு வூட்டப் பாத்து இருக்கட்டும். மெதுவா, டேய் மெதுவா!” அப்புறம் பாடைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். “ஏ கிரி, கோவிச்சிக்காதடா. சாமான் இல்லாட்டி என்னா, நாங் கூட வரேன்.”

“சுடுகாடு வரைக்குந்தான்னு சொல்லுப்பா” என்றான் நல்லமுத்து பதறிப்போய்.

“ஆங், சுடுகாடு வரைக்கும்.”

மேளம் மறுபடி தொடங்கியது. ஆண்கள் போய்விட்டார்கள். கப்பலைப் பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அத்தைக்குத் தெரியுமா, தெரியாமலேயே சொன்னாளா என்று பூர்ணிமாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

வீட்டில் கழுவி விடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் படியில் இறங்கிப் பந்தலுக்குள் பாய்ந்தது. பெஞ்சையும் மேசையையும் கழுவிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். காய்ந்த தரை என்று ஒரு முழம்கூட இல்லை.

முன்னாலேயே வந்துவிட்டிருந்த திரௌபதி துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். “அப்பிடியே கீழ வையுங்கடி. கப்பலுதான? தண்ணியில வச்சா முழுவியா போயிடும்?”

சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தண்ணீர் புடவைக் கரையை நனைத்துக்கொண்டு கணுக்காலைச் சுற்றி ஓடியது.

“கை நோவுதா?” என்றாள் சொர்ணாம்பாள்.

“இல்லத்த.”

உள்ளேயிருந்து இன்னொரு வாளித் தண்ணீர் வந்தது. இருவரும் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்கள்.