நான் மிதிக்காத கட்டம்

மிதிப்பதுதான் என் உத்தியோகம். சிரிக்க வேண்டாம், வேலை உத்தரவிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பின்னால் வேலி போட்ட பொட்டலில் முப்பது கட்டங்கள் உண்டு. பத்துக் கட்டங்களை வருடத்துக்கு ஒருமுறை, கட்டத்துக்கு இருநூறு அடி வீதம், பூட்ஸ் காலால் நான் மிதிக்க வேண்டும். இன்னொரு பத்துக்கு மேலே சூட்டு விளக்குகள் தொங்கும். வரப்போகிற வெயிலுக்கு அது ஒத்திகை. மீதிப் பத்தை யாரும் எதுவும் செய்யக் கூடாது. மற்ற நாட்களில் வேலிக்குக் காவலும் நானே.

நான் மிதிப்பது வெறும் மண் இல்லை. பார்க்கக் கருகிய ரொட்டி மாதிரி இருக்கும், ஆனால் அது மண்ணின் மேல் வளர்ந்த உயிருள்ள தோல். பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் சேர்ந்து மணலைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. அது இருக்கும்வரை காற்று மண்ணை அள்ளாது. உடைந்தால் மறுபடி வளர இருபது வருடம்கூட ஆகலாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் விஞ்ஞானி. கழுத்தில் எந்நேரமும் பூதக்கண்ணாடி தொங்குவதால் அவருக்கு லென்சம்மா என்று பெயர் வைத்திருந்தோம்.

மிதிப்பவனின் எடை எழுபது கிலோ இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மிதிக்கிற நாள் நெருங்கினால் வீட்டில் என் தட்டுக்குத் தனிச் சட்டம்.

"மத்த வீட்டுல டாக்டர் சொன்னார்னு உடம்பைக் குறைப்பாங்க. நம்ம வீட்டுல மண்ணு சொல்லுது" என்பாள் என் மனைவி.

அவள் கேலி செய்யட்டும். ஒன்பது வருடத்தில் ஓர் அடிகூட நான் தப்பாக வைத்ததில்லை. கட்டங்களுக்கு நடுவே போட்டிருக்கும் பலகைமேல்தான் நடப்பேன். தும்மல் வந்தால்கூட நின்று, தும்மிவிட்டு, பிறகுதான் நகர்வேன்.

அப்படிப்பட்ட எனக்கு மெமோ வந்தது. புதிதாக வந்த மேலாளர் முதல் நாளே பொட்டலைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பதினான்காம் கட்டம் விளக்குக் கட்டம், ஆனால் நான் மிதித்த கட்டங்களைப் போலவே வெளுத்துக் கிடந்திருக்கிறது. அனுமதியில்லாமல் மிதித்ததற்காக என்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்.

"மிதிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"நீயுமா?"

"இல்லங்க, தூக்கத்துல காலை உதைக்கிறீங்களே, அதான் கேட்டேன்."

விசாரணை அன்று மேலாளரின் மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, என் பூட்ஸ் இரண்டையும் வைத்திருந்தார்கள். கொலை செய்த கத்தியைக்கூட அவ்வளவு மரியாதையாக வைத்திருக்க மாட்டார்கள்.

"இது உங்க பூட்ஸா?"

"ஆமா சார்."

"இதைப் போட்டுத்தான் மிதிச்சீங்களா?"

"பத்துக் கட்டத்தை மிதிச்சேன். மிதின்னு ஆர்டர் போட்டதே நம்ம ஆபீஸ்தானே."

"பதினாலாவது?"

"என் கால் படல."

"வேலிக்குள்ள கால் வைக்கிறது நீங்க ஒருத்தர்தான். வேற யார் மிதிச்சிருப்பா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒன்பது வருஷமா மிதிக்கிறவன் சார் நான். என் மிதி எனக்குத் தெரியாதா? வந்து பாருங்க!"

லென்சம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். பலகைமேல் நடந்து பழக்கமில்லாத மேலாளர் பாதி வழியில் தள்ளாடி, தொடக் கூடாத கட்டத்தின் பக்கம் சாய்ந்தார். இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அதற்கு அவர் நன்றி சொல்லவில்லை.

லென்சம்மா பலகையில் குப்புறப் படுத்து, முதலில் நான் மிதித்த கட்டத்தில் தண்ணீர் தெளித்தார். தோலில் உயிர் இருந்தால் ஈரம் பட்டதும் பச்சை பிடிக்கும். எல்லாம் தூள்தான், ஆனால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகள் இரண்டே நிமிடத்தில் பச்சை பிடித்தன. பிறகு பதினான்காம் கட்டம். கிட்டத்தில் பார்த்தால் அங்கே தடம் எதுவும் இல்லை, தோல் முழுசாக இருந்தது. தண்ணீர் தெளித்தார். இரண்டு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பச்சை வரவேயில்லை.

"இவர் மிதிக்கல சார்" என்றார் லென்சம்மா. "மிதிச்சா உடைஞ்சிருக்கும். இது உடையாமலே செத்துப் போயிருக்கு. விளக்குச் சூடுதான் காரணம்."

"எவ்வளவு சூடு வச்சிருக்கீங்க?"

"ரெண்டே டிகிரி கூடுதல். அதுல பாதி வேலிக்கு வெளியில, நிஜ வெயில்லயே ஏற்கெனவே ஏறியாச்சு."

மேலாளர் என் தோளில் தட்டினார். "சரிய்யா, மெமோவை ரத்து பண்ணிடுறேன். நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

வேலை தப்பியது, மானமும் தப்பியது. சந்தோஷப்பட வேண்டிய நான் தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதே கருப்புத் தோல், யார் காலும் படாமல், வெயிலில் கிடந்தது.

"ரத்து பண்ணாதீங்க சார். நான்தான் மிதிச்சேன்னு எழுதிக்குங்க."

"என்னய்யா உளர்றீங்க?"

"நான் மிதிச்சதுன்னா என்னை நிறுத்தினாப் போதும் சார். இருபது வருஷத்துல வளர்ந்துடும்."

மேலாளர் பேனாவைத் திறந்தார். லென்சம்மாவைப் பார்த்தார். அவர் பதினான்காம் கட்டத்தில் இன்னும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.