பழைய எண் ஒன்பது

சம்மனை மூன்றாவது தடவை படித்தபோதும் அதில் இருந்தது என் வீடுதான். கதவு எண் பதினேழு, எட்டு வருட வீட்டு வரி பாக்கி, புதன்கிழமை கோர்ட்டில் பதில் தராவிட்டால் வீடு ஜப்தி. ஒரு வருடம்கூட நான் வரி கட்டாமல் இருந்ததில்லை. முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன். எதையும் தேதிவாரியாக அடுக்கி வைப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ரசீதுகளை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரசீதெல்லாம் ஒன்பதாம் நம்பருக்கு இருக்கு சார். போன வருஷம் தெருவுக்கே நம்பர் மாத்தினாங்கல்ல? பழைய பதினேழுல எவனோ கட்டாம விட்டதை உங்க தலையில கட்டிட்டாங்க."

"அப்ப இதைக் காட்டினா போதும்ல?"

"பழைய ஒன்பதும் புதுப் பதினேழும் ஒரே வீடு, எட்டு வருஷமா அதுல இருக்கறது நீங்கதான்னு தெருவுல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அது இல்லேன்னா வீடு உங்க கையில நிக்காது." வாக்குமூலத்தை அவரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு கையெழுத்து. கேட்பதற்கு என்ன சுலபமாக இருக்கிறது. எதிர் வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்து, "நாங்க வந்தே ரெண்டு வருஷம்தான் அங்கிள். அந்த வீட்ல ஆள் இருக்காங்கன்னே இப்பதான் தெரியுது" என்றாள். அவள் வீட்டு மாடியில் இருப்பவர் என்னை மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து வழிவிட்டார். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பேச்சு, பழக்கம், போக்குவரத்து எல்லாமே என் மனைவியின் இலாகா. அவள் போய் நான்கு வருடமாகிறது. அவளுக்குத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராக வீடு மாறிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுச் சிடுமூஞ்சி ஒருவர்தான். அந்தப் பெயரை வைத்தவள் என் மனைவி. அவர் கேட்டுக்கு முன்னால் என் காரை அரை மணி நேரம் நிறுத்தியதற்காகப் பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் இறந்த அன்றுகூட அவர் படியேறவில்லை. வீடா, வீம்பா என்று செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை யோசித்தேன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு போய் மணியை அடித்தேன்.

உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, "இருங்க, கண்ணாடி எடுத்துக்கறேன்" என்று உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. முடியாது என்பதைச் சொல்ல வார்த்தை தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து தாளை நீட்டினார். கையெழுத்து இருந்தது.

"ஒரு எடத்துல திருத்தியிருக்கேன். பொய்யா எழுதினதுக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல."

"எதைத் திருத்தினீங்க?"

"படிச்சுப் பாருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

'எட்டு வருடமாக மேற்படி வீட்டில் தன் குடும்பத்துடன் வசித்து வருகிறார்' என்று வக்கீலம்மா வழக்கம்போல அடித்திருக்கிறார். 'தன் குடும்பத்துடன்' மீது ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அதற்கு மேலே, சின்ன எழுத்தில், 'நான்கு வருடமாகத் தனியாக'. பக்கத்திலேயே தேதியும் சுருக்கொப்பமும்.

இது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மை இன்னும் காயவில்லை, மடித்தால் ஒட்டிக்கொள்ளும். தாளை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சாத்திய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.