கரும்பலகையிலிருந்து இறங்கிய இருபதாவது பிள்ளை

பங்குனி முப்பத்தோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, நாகதாளிக்குளம் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலையின் மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்திருந்த யானை கீழே இறங்கியது. முன்கால் இரண்டும் முதலில் வந்தன. பின்கால்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தன. பக்கவாட்டில் வரைந்த படம் என்பதால் அதற்கு ஒரு பக்கம்தான் இருந்தது. நேரே முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது.

நடந்தது இதுதான். புத்தாண்டு விளையாட்டில் யானைக்குக் கண் வைக்கும் போட்டி வருஷா வருஷம் நடக்கும். கண்ணைக் கட்டிவிட்டால், சுற்றி நிற்பவர்கள் பிழையான வழி சொல்லிக் கத்துவதுதான் அதில் சம்பிரதாயம். போன வருஷம் கண் வாலில் விழுந்தது. அதற்கு முதல் வருஷம் யன்னலில் விழுந்தது. இந்த முறை கடைசி ஆளாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர் அதிபர் ஜெயரூபி ரீச்சர். மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகள் "இடப்பக்கம் ரீச்சர், இடப்பக்கம்!" என்று கத்த, நீல இல்லத்துப் பிள்ளைகள் "பொய் ரீச்சர், வலப்பக்கம்!" என்று கத்த, இரண்டு பொய்யும் ஒன்றையொன்று வெட்டிவிட்டன. ரீச்சர் நேரே போய், கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை வைத்தார். ஒரு நூலளவும் விலகவில்லை. யானை இமைத்தது.

பெற்றோர் யாரும் அலறவில்லை. வன்னியில் யானை என்றால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். படத்தை வரைந்த சுடலைமுத்துவே யானை விரட்டும் வெடி எடுக்க வீட்டுக்கு ஓடப் பார்த்தான். உழவு இயந்திரப் பெட்டிகளிலும் ஓட்டோக்களிலும் பெயர் எழுதிப் பிழைக்கிறவன். நாற்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டாதவன்.

"வெடி வேண்டாம் சுடலைமுத்து," என்றார் ரீச்சர், கண்கட்டை அவிழ்த்தபடி. "அது எங்கட யானை."

யானை பின்வரிசை வாங்கில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தது. அப்போது ரீச்சருக்கு வந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது, ஏனென்றால் கல்வித் திணைக்களத்தின் கடிதம் அவருடைய மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. முதலாம் தவணை முடியும்போது இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் பாடசாலையை மூடி, ஆறு மைல்கட்டை தள்ளியிருக்கும் பெரிய பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள் என்று அதில் இருந்தது. இருந்தது பத்தொன்பது. அந்த ஆறு கட்டைப் பாதை காட்டுக்குள்ளால் போகிறது. காலையில் அதில் யானை கடக்கும், வெண்கட்டி யானை அல்ல. பாடசாலையை மூடினால் சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே மறித்துவிடுவோம் என்று தாய்மார் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். ரீச்சருக்கு என்றால் பட்டணத்துக்கு மாற்றம் கிடைத்திருக்கும், பஸ்ஸும் வாசலில் நின்றிருக்கும். அவர் இருபதாவது பிள்ளை தேடி மூன்று கிழமையாக வீடு வீடாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்.

யானையைச் சேர்க்கலாமா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. சேர்க்க என்னென்ன கடதாசி வேணும் என்றுதான் கேட்டார்கள். நாகதாளிக்குளத்தில் இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழைத் தொலைக்காத வீடு கிடையாது. தொலைத்ததை எப்படி எடுப்பது என்பதில் ஊருக்கே ஒரு பட்டம் கொடுக்கலாம். பிறந்த இடம் தெரியாவிட்டால் இரண்டு சாட்சி, வயது தெரியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ், வதிவிடத்துக்கு ஊர் அலுவலரான விதானையாரின் கடிதம். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை கொண்டுவந்து விற்கும் ஜெமீல் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய மகள் நஸீஹா இரண்டாம் வகுப்பு.

"நான் கண்ணால கண்டனான். பலகையிலதான் பிறந்தது. இதை எந்தக் கோர்ட்டிலயும் சொல்லுவன்," என்றார் ஜெமீல்.

தகப்பன் பெயர் என்ற இடத்தில்தான் கொஞ்சம் இழுபட்டது. வரைந்தவன் சுடலைமுத்து, ஆகவே அவன்தான் என்று ஊர் முடிவெடுத்தது. "பெண் பார்க்கேல்லை, தாலி கட்டேல்லை, மூண்டாம் வகுப்பில பிள்ளை," என்றாள் சிவனேஸ்வரி, நீல இல்லத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ளவள். "இனித் தாய் பேரையும் கேப்பினமே. கண் வைச்சது ஆர்?" ரீச்சர் படிவத்தைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தாய் பெயருக்கான இடம் இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது. பெயருக்குப் பத்தொன்பது பிள்ளைகளும் பத்தொன்பது பெயர் சொன்னார்கள். நஸீஹா சொன்னதற்கு மட்டும் யானை காதை ஆட்டியதால் வரவு இடாப்பில் 'சு. வெண்கட்டி' என்று ஏறியது.

வெண்கட்டி கெட்டிக்காரப் பிள்ளை. ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் காலால் தட்டிப் பதில் சொன்னது. இடக்கண் ஒன்றுதான் என்பதால் வலப்பக்கம் இருந்தவர்களின் சேட்டை அதற்குத் தெரியவில்லை. ஆகவே கோள் சொல்லாது. ஒரேயொரு குறை. தும்பிக்கை நுனியால் பலகையில் எழுதும்போது, எழுதுவது அதன் உடம்பின் வெண்கட்டியால்தான். 'அ' எழுதினால் வாலில் பாதி போய்விடும். நான்காம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், யானை ஒரு பாட்டு முழுவதும் எழுதப் பார்த்து, திங்கட்கிழமை பிள்ளைகள் வந்தபோது ஆட்டுக்குட்டி அளவில் நின்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மறுபடி வரைந்தார்கள். காதை முதலாம் வகுப்பு வரைந்ததால் அது சுளகு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து, வெண்கட்டிக்கு வாய்ப்பாடு மட்டும், எழுத்து வேண்டாம் என்று ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சித்திரை ஒன்பதாம் தேதி கல்வித் திணைக்களத்திலிருந்து தலை எண்ண வந்தவர் மயில்வாகனம். ஓய்வுக்கு ஒன்பது மாதம் இருந்தது. எதையும் இரண்டு தரம் எண்ணுகிறவர். முதல் தரம் எண்ணினார், இருபது. இரண்டாம் தரம் எண்ணினார், இருபது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பின்வரிசை வாங்கைப் பார்த்தார்.

"ரீச்சர், இது யானை."

"ஓம் சேர். கடதாசி எல்லாம் சரி."

அவர் கடதாசிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது, முத்திரைக்கு மேல் கையெழுத்து இருந்தது. முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு ஒழுங்கான கோப்பு அவர் கண்டதில்லை. இருந்தாலும் பிழை பிடிக்காமல் போனால் அவர் மயில்வாகனம் இல்லையே.

"மூண்டாம் வகுப்புப் பிள்ளை தன்ர பேரை எழுத வேணும். எழுதட்டும்."

ரீச்சர் எழுந்தார். "சேர், வாய்ப்பாடு கேளுங்கோவன். எத்தினையாம் வாய்ப்பாடு வேணும்?"

"பேர்."

வெண்கட்டி எழுந்து பலகைக்குப் போனது. 'சு' வுக்கு வால் போனது. பின்னங்கால் ஒன்றை 'வெ' தின்றது. 'ண்' எழுதும்போது முதலாம் வகுப்பில் ஒரு பிள்ளை விம்மத் தொடங்கியது. யன்னலுக்கு வெளியே நின்ற சுடலைமுத்து, "பூ எண்டு வைச்சிருக்கலாம், ஒரு எழுத்தோட முடிஞ்சிருக்கும்," என்று சிவனேஸ்வரியிடம் சொன்னான். அவள் பகிடி விடும் நிலையில் இல்லை. 'க', 'ட்'. யானை நிற்கவில்லை. கடைசி 'டி' யின் சுழியை முடித்தபோது மிச்சம் இருந்தது தும்பிக்கையும், தலையும், ஒரு கண்ணும், முன்கால் ஒன்றும். அது சுவரில் சாய்ந்துகொண்டு மயில்வாகனத்தை இடக்கண்ணால் பார்த்தது. எழுத்தில் ஒரு பிழை இல்லை.

மயில்வாகனம் கொஞ்ச நேரம் பேனையை மூடித் திறந்தார். பிறகு எழுந்து போய், பலகைக்குக் கீழே கிடந்த வெண்கட்டித் துண்டை எடுத்து, குனிந்து, இரண்டாவது முன்காலை வரைந்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பதால் அந்தக் கால் உருளை மாதிரி வந்தது. உடம்பையும் பின்கால்களையும் வரைந்து, தூர நின்று பார்த்து, வாலையும் போட்டார்.

"கையெழுத்து நல்ல வடிவு," என்று சொல்லி, இருபது என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார்.

பாடசாலை மூடப்படவில்லை. இரண்டாம் தவணைக்கு மதியச் சாப்பாட்டுச் சாமான் இருபது பேருக்கு வந்தது. பெற்றோர் கூட்டத்துக்குச் சுடலைமுத்து சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, முன்வரிசைக் கதிரையில் வந்து இருந்தான். ஊர் சிரித்தது. ரீச்சர் பிள்ளையின் முன்னேற்றம் பற்றி மற்றவர்களுக்குச் சொன்னதைவிட அவனுக்கு ஐந்து நிமிஷம் கூடச் சொன்னார் என்பதையும் ஊர் கவனித்து வைத்துக்கொண்டது.

ஆவணியில் காட்டு யானைகளைக் கணக்கெடுக்க வனஜீவராசிகள் திணைக்களத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். குளக்கட்டில் மூன்று கண்டோம், இங்கேயும் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டார்கள். கணக்கில் ஏறினால் ஏற்றிக்கொண்டு போய்ச் சரணாலயத்தில் விடுவார்களோ என்று பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஜெயரூபி ரீச்சர் இடாப்பைத் திறந்து இருபதாம் பெயரில் விரலை வைத்தார்.

"அது கல்வித் திணைக்களத்தில ஏற்கெனவே பதிஞ்ச பிள்ளை. ஒரு ஆளை இரண்டு திணைக்களத்தில எண்ண ஏலாது. வேணுமெண்டா மயில்வாகனம் சேரைக் கேளுங்கோ."

இருவரும் கோப்பைப் பார்த்தார்கள். உள்ளே எட்டாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. யாரோ காலால் தட்டும் சத்தம் கேட்டது. ரீச்சர் சொல்வது முறைதான் என்று ஒப்புக்கொண்டு, படிவத்தில் 'நாகதாளிக்குளம் பாடசாலை: யானை இல்லை' என்று எழுதிவிட்டு, குளக்கட்டுப் பக்கம் ஜீப்பைத் திருப்பினார்கள்.